கால் என்னும் சிறு சொல்
பினாங்கில் நம்மவர் திருமண வீட்டு வாசலில் நடும் முகூர்த்தக்காலை, மஞ்சள் பூசி மாவிலை கட்டிய அந்த மூங்கிலைப் பார்க்கும்போதெல்லாம் ‘கால்’ என்ற சொல்லின் வளம் என்னை வியக்க வைக்கிறது. (திருமணத்தையே கால்கட்டு என்பதும் நம் வழக்குதான்.) உடலைத் தாங்கும் உறுப்பு, பந்தலைத் தாங்கும் கம்பம், வயலுக்கு நீர் கொண்டுசெல்லும் வாய்க்கால், ‘கா’ என்னும் எழுத்தில் ககரத்தை அடுத்து நிற்கும் துணைக்கால், பழந்தமிழில் காற்று ஆகிய அனைத்துக்கும் இந்த ஒரு சொல் இடந்தருகிறது. அளவையில் கால் என்பது 1/4 என்பதால் அரைக்கால் 1/8 ஆகும். ஆனால் அரைக்கால் சட்டையில் வருவதோ உறுப்பாகிய கால்தான். இதைத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் மாணவர்களுக்கு அவசியம் எடுத்துக்காட்ட வேண்டும். மலாய் மொழியின் ‘காக்கி’யும் காலையும் பாதத்தையும் குறிப்பதோடு அடி என்னும் நீட்டலளவாகவும் வருவதால், பினாங்கின் லெபோ பசார் தெருக் கடைகளின் முன்னுள்ள ஐந்தடி நடைபாதைக்குக் ‘காக்கி லீமா’ என்று பெயர்.