லேப்டாப்பில் பார்த்தாலும் பயப்பட வேண்டும்

பேய்ப்படம் எடுக்கும்போது நாம் மனதில் வைத்துக்கொள்ளும் பார்வையாளர் எப்போதும் ஒரே ஆள்தான். இருட்டான அரங்கில், பெரிய திரைக்கு முன்னால், நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர். ஆனால் திரைப்பட விழாவுக்கு அனுப்பிய படத்தை முதலில் பார்ப்பவர் அவர் இல்லை. தன் வேலையெல்லாம் முடித்துவிட்டு வந்து, லேப்டாப்பைத் திறந்து, அன்றைக்குப் பார்த்தாக வேண்டிய படங்களோடு நம் படத்தையும் ஓடவிடும் ஒருவர். பல விழாக்களில் இந்த முதல் சுற்றைப் பார்ப்பவர்கள் தன்னார்வலர்கள். அவர்கள் மேலே தள்ளிவிட்டால்தான் விழாவுக்குப் படம் தேர்ந்தெடுக்கும் புரோகிராமர் கண்ணில் படம் படும். எங்கள் திகில் குறும்படத்தை விழாக்களுக்கு அனுப்பத் தொடங்கியதிலிருந்து நான் பட்ட பாட்டில் முக்கால்வாசி அந்த ஒருவருக்காகத்தான்.

படம் 12 நிமிடம். ஒரு பெண், ஒரு வீடு, பூட்டிய அறைக்குள் யாரோ முனகும் சத்தம். ரத்தம் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், திகில் விழா என்று பொதுவாகச் சொன்னாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் இருக்கிறது. ஸ்பெயினின் சிட்ஜஸ் விழா 1968-இல் தொடங்கியது. இந்த வகைப் படங்களுக்கு அதுதான் மூத்த வீடு. மான்ட்ரியலின் ஃபான்டேசியா 1996-இல் வந்தது. அங்கே விளக்கணைந்ததும் பார்வையாளர்கள் பூனை மாதிரி கத்துவது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. 1983 முதல் நடக்கும் பிரஸ்ஸல்ஸ் விழாவில் திரையைப் பார்த்துப் பதில் பேசுவார்கள், கமென்ட் அடிப்பார்கள். லண்டனின் ஃபிரைட்ஃபெஸ்ட், டெக்சஸின் ஃபென்டாஸ்டிக் ஃபெஸ்ட், தென் கொரியாவின் புச்சொன் என்று பட்டியல் நீளும். நம் படம் மௌனத்தை நம்பி நிற்கிறது என்றால், கூச்சலும் கும்மாளமுமான அரங்கில் அது தாங்குமா என்று அனுப்புவதற்கு முன்பே யோசித்துவிடுவது நல்லது. சில படங்கள் தாங்கும். அந்தக் கூச்சலே ஒரு கட்டத்தில் அடங்கிப்போவதைப் போல அழகு வேறு இல்லை.

இதைத் தெரிந்துகொள்ள விழாவின் அறிமுக வாசகங்கள் உதவாது. எல்லா விழாக்களும் துணிச்சலான புதிய குரல்களைத்தான் தேடுகின்றன. நான் செய்தது, கடந்த சில ஆண்டுகளின் குறும்படத் தேர்வுப் பட்டியல்களை எடுத்து, அவற்றில் இணையத்தில் கிடைத்த படங்களையெல்லாம் பார்த்தது. எந்த விழா ரத்தத்துக்கு மயங்குகிறது, எது நகைச்சுவை கலந்த பேயை விரும்புகிறது, எது மெதுவாகக் கழுத்தை நெரிக்கும் படங்களுக்கு இடம் தருகிறது என்பது நாலைந்து படங்களிலேயே பிடிபட்டுவிடும். நீளத்தையும் கவனித்தேன். குறும்படங்களை ஒன்றரை மணி நேரம் வருகிற மாதிரி ஒரு தொகுப்பாகக் கட்டுவார்கள். 40 நிமிடம் வரை குறும்படம்தான் என்று ஆஸ்கர் விதி சொல்லலாம். ஆனால் அரை மணி நேரப் படம் ஒன்றை உள்ளே விட்டால் மூன்று படங்களுக்கு இடம் போய்விடும். 12 நிமிடத்தோடு நிறுத்தியதற்காக எடிட்டரை அப்போதுதான் மனதாரப் பாராட்டினேன்.

விண்ணப்பமெல்லாம் இப்போது பெரும்பாலும் ஃபிலிம்ஃப்ரீவே என்ற இணையதளம் வழியாகத்தான். இதே வேலையில் முன்பு கொடிகட்டிப் பறந்த விதவுட்டபாக்ஸ் 2019-இல் மூடப்பட்டுவிட்டது. ஹாலோவீனை ஒட்டி செப்டம்பர், அக்டோபரில் திகில் விழாக்கள் குவிவதால், கடைசித் தேதிகள் அதற்குச் சில மாதங்கள் முன்பே வந்துவிடும். எர்லி பேர்ட், ரெகுலர், லேட் என்று கட்டணம் படிப்படியாக ஏறும். தாமதமாகப் போனால் காசு மட்டுமல்ல, இடமும் குறைந்திருக்கும் என்பது என் அனுமானம்.

ஒரு எச்சரிக்கை. மாதாமாதம் விருது தரும் விழா, எண்பது தொண்ணூறு பிரிவுகள், திரையிடல் எங்கே என்று கேட்டால் மழுப்பல், ஆனால் கோப்பை வேண்டுமென்றால் தனியாகப் பணம் கட்டலாம். இப்படிப்பட்டவை நிறைய இருக்கின்றன. போஸ்டரில் ஒட்ட லாரல் என்கிற இலைவளைய முத்திரை கிடைக்கும், பார்வையாளர் கிடைக்கமாட்டார். அரங்கின் பெயர், போன ஆண்டு நிகழ்ச்சி நிரல், அரங்கில் ஆட்கள் உட்கார்ந்திருக்கும் படம், இந்த மூன்றும் கிடைக்காத விழாவுக்கு நான் அனுப்பவில்லை.

இனி அந்த லேப்டாப் விஷயம். கலர் கிரேடிங், அதாவது படத்தின் நிறமும் வெளிச்சமும் சீராக்கும் வேலை, செய்தது நல்ல மானிட்டரில், விளக்கணைத்த அறையில். அந்தப் பிரதியையே இணையத்தில் ஏற்றினால் எப்படித் தெரியும் என்று பார்க்க, எடிட்டரும் நானும் ஒரு பழைய லேப்டாப்பை ஜன்னலோரம் வைத்து ஓட்டினோம். ஏழாவது நிமிடத்தில் கதவிடுக்கில் ஓர் உருவம் நிற்கும். அந்தப் பெண் அதைப் பார்க்கமாட்டாள், நாம் மட்டும் பார்ப்போம். படத்தின் உயிரே அதுதான். லேப்டாப்பில் கதவிடுக்கு வெறும் கறுப்பு. உருவம் நிற்க வேண்டிய இடத்தில் எங்கள் இரண்டு பேர் முகமும் பிரதிபலித்துக்கொண்டிருந்தது.

கலரிஸ்டிடம் பேசி, விழாக்களுக்கு அனுப்பும் ஸ்கிரீனர் பிரதிக்கென்று தனியாக ஒரு கிரேடு போட்டோம். முழுப் படத்தையும் வெளுக்கவில்லை. கதை புரிய அவசியமான சில ஷாட்டுகளில் மட்டும் நிழல்களைக் கொஞ்சம் தூக்கினோம். இன்னொரு தொல்லையும் இருந்தது. நிற அளவுகள் குறைவான 8 பிட்டில் கோப்பைச் சுருக்கும்போது இருட்டுச் சுவரில் பட்டை பட்டையாகக் கோடு விழும். பழைய ஃபிலிமில் தெரிகிற மாதிரி மெல்லிய புள்ளிகளை, அதாவது கிரெய்னை, தூவினால் பட்டை உடைந்துவிடும். ஆனால் கிரெய்ன் சேர்த்தால் பிட்ரேட்டையும் (நொடிக்கு எவ்வளவு தரவு என்பதை) ஏற்ற வேண்டும், இல்லையென்றால் இருட்டு முழுவதும் கட்டம் கட்டமாகக் கலங்கிப்போகும்.

சத்தம் அதைவிட மோசம். முனகலுக்கு அடியில் சவுண்ட் டிசைனர் ஒரு கனத்த அதிர்வை வைத்திருந்தார். கேட்கும் என்று சொல்ல முடியாது, வயிற்றில் உணரலாம். அரங்கின் பல ஸ்பீக்கர்களுக்கான 5.1 கலவையில் அது எல்எஃப்இ என்கிற தனித் தடத்தில், அடிச்சத்தம் எழுப்பும் சப்வூஃபருக்காக இருக்கிறது. 5.1-ஐ ஸ்டீரியோவாகச் சுருக்கும் வழக்கமான டவுன்மிக்ஸில் அந்தத் தடத்தைச் சேர்க்கவே மாட்டார்கள். ஆக, ஒரு பொத்தானை அழுத்தி ஸ்டீரியோ எடுத்தால் படத்தின் பயத்தில் பாதி சத்தமில்லாமல் காணாமல் போய்விடும். சேர்த்தாலும் பிரச்சினை தீராது, 40 ஹெர்ட்ஸ் அதிர்வை லேப்டாப் ஸ்பீக்கரால் எழுப்ப முடியாது. சவுண்ட் டிசைனர் ஸ்டீரியோவைத் தனியாக மிக்ஸ் செய்தார். அதிர்வின் ஹார்மோனிக்ஸை, அதாவது அதன் மடங்குகளாக 120, 160, 200 ஹெர்ட்ஸில் வருபவற்றை, கொஞ்சம் ஏற்றிவிட்டார். அடிச்சத்தம் வராவிட்டாலும் மேலே இருப்பவற்றை வைத்து அது இருப்பதாகக் காது நினைத்துக்கொள்ளும். இதோடு, படம் தொடங்கும் முன் ‘ஹெட்ஃபோனில் கேட்கவும்’ என்று ஒரு அட்டையும் வைத்தோம். தயாரிப்பு லோகோக்களை ஸ்கிரீனரிலிருந்து தூக்கிவிட்டோம். வரிசையில் இன்னும் பல படங்களை வைத்துக்கொண்டிருப்பவரிடம் முதல் நிமிடத்தில் லோகோ காட்டுவது அநியாயம்.

சப்டைட்டிலுக்கு வருகிறேன், ஏனென்றால் திகில் படத்தில் அது எடிட்டிங் வேலை. பூட்டிய அறைக்குள் இருப்பது தங்கைதான் என்று நம்பிக்கொண்டிருக்கிற பெண்ணுக்கு அந்தத் தங்கையே போன் செய்கிறாள். ‘அக்கா...’ என்று இழுத்து, ஒரு மூச்சு விட்டு, ‘நான் இன்னும் கிளம்பவே இல்லையே’ என்கிறாள். முதல் சப்டைட்டில் வரைவில் இரண்டும் ஒரே அட்டையில் இருந்தன. நடிகை மூச்சு விடுவதற்குள் பார்ப்பவர் முழுவதையும் படித்துவிடுவார். அந்த இடைவெளியில் இருந்த பயம் காலி. அட்டையை இரண்டாக உடைத்து, இரண்டாவதை வசனத்தின் முதல் எழுத்தோடு சரியாகப் பொருத்தினோம். இரண்டு வரிக்கு மேல் போகக்கூடாது, வரிக்கு 42 எழுத்து போன்ற விதிகள் எல்லாம் எங்கேயும் கிடைக்கும். பயத்தின் நேரத்தை மட்டும் நாமேதான் உட்கார்ந்து வெட்ட வேண்டும்.

படிவம் நிரப்புவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கதைச்சுருக்கத்தில் யார், எங்கே, என்ன சிக்கல் என்பதைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். போஸ்டரைவிட ஸ்டில் முக்கியம், விழா மலரிலும் செய்தியிலும் போடுவது அதைத்தான். பேயைக் காட்டாத, ஆனால் கண்ணில் வெளிச்சம் இருக்கும் ஒரு முகம் போதும். இசைக்கு இரண்டு உரிமைகள் வேண்டும்: பாடலைப் படத்தோடு சேர்க்க ஒன்று, அந்தக் குறிப்பிட்ட ஒலிப்பதிவைப் பயன்படுத்த ஒன்று. நாங்கள் சொந்தமாக இசையமைத்ததால் தப்பித்தோம். பிரீமியர், அதாவது முதல் திரையிடல், என்ற பகுதியைக் கவனமாகப் படியுங்கள். உலக பிரீமியர் ஒருமுறைதான், அதைச் சின்ன விழாவில் செலவழித்துவிட்டால் திரும்பக் கிடைக்காது. குறும்படங்களுக்குப் பல விழாக்கள் இதில் கெடுபிடி காட்டுவதில்லை, ஆனால் படம் யூடியூபில் பொதுவில் இருந்தால் சில விழாக்கள் ஏற்காது.

விமியோ என்ற வீடியோ தளத்தில் கடவுச்சொல் போட்டு ஏற்றினோம். வீடியோ கோப்பை மாற்றினாலும் இணைப்பு மாறாது என்பது அதில் பெரிய வசதி. கடவுச்சொல்லை மட்டும் விழா முடிவு வரும்வரை தொடக்கூடாது.

அப்புறம் காத்திருப்பு. விமியோவில் எத்தனை முறை ஓடியது, எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்று புள்ளிவிவரம் தெரியும். பார்க்காதீர்கள் என்று சொல்லத்தான் ஆசை, ஆனால் நானே தினமும் பார்த்தேன். ஒரு விழாவிலிருந்து ‘உங்கள் படத்தை மிகவும் ரசித்தோம், இருந்தாலும்...’ என்று மறுப்புக் கடிதம் வந்தது. அவர்களுக்கென்று தனியாகக் கொடுத்திருந்த இணைப்பு ஒருமுறைகூட ஓடியிருக்கவில்லை, டவுன்லோடும் மூடியே இருந்தது. சண்டை போடவில்லை. அடுத்த பட்டியலிலிருந்து அந்தப் பெயரை அடித்துவிட்டேன். மற்ற மறுப்புகளுக்கும் காரணம் கேட்டு எழுதவில்லை, அவர்களும் எழுதமாட்டார்கள்.

தேர்வாகிவிட்டது என்ற கடிதம் வந்த பிறகுதான் இன்னொரு ஓட்டம் தொடங்கியது. விழா அறிவிக்கும்வரை வெளியே சொல்லக்கூடாது என்பது முதல் நிபந்தனை. இரண்டாவது, டிசிபி, அதாவது திரையரங்கில் ஓட்டுவதற்கான டிஜிட்டல் பிரதி. படம் எடுத்தது நொடிக்கு 25 ஃபிரேமில்; அவர்கள் கேட்டது 24. அப்படியே மெதுவாக்கினால் 12 நிமிடப் படம் 30 நொடி நீளும், குரல்களும் சற்றுத் தாழும். குரலின் சுருதியைச் சரிசெய்து, நீளத்தை ஏற்றுக்கொண்டோம். விசித்திரம் என்னவென்றால், கதவிடுக்கு ஷாட் தன் பங்குக்குக் கிடைத்த கூடுதல் கால் நொடியால் இன்னும் நன்றாக இருந்தது. டிசிபி-ஓ-மேட்டிக் என்ற இலவச மென்பொருளில் செய்தோம். ஃபிரேம்கள் ஜேபெக் 2000 ஆக மாறும், வண்ணம் சினிமா புரொஜெக்டருக்கான எக்ஸ்ஒய்ஸெட் என்ற வண்ண முறைக்குப் போகும், அதனால் சாதாரண பிளேயரில் திறந்துவிட்டு நிறம் கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். பூட்டுப் போட்ட டிசிபி வேண்டவே வேண்டாம். சாவிக் கோப்பு நேரத்துக்கு வந்து சேராவிட்டால் படம் திரைக்கு வராது.

டியூப் லைட் விட்டு விட்டு மின்னும் காட்சி ஒன்று இருந்ததால், மின்னும் ஒளி பற்றிய எச்சரிக்கைக் குறிப்பும் கேட்டார்கள். நொடிக்கு மூன்று தடவைக்கு மேல் மின்னினால் ஒளியால் வலிப்பு வரக்கூடியவர்களுக்கு ஆபத்து. ஃபிரேம் ஃபிரேமாக எண்ணிப் பார்த்து எழுதிக் கொடுத்தேன்.

விழாவன்று காலையில், படமும் ஒலியும் சரியா என்று ஓட்டிப் பார்க்கும் டெக் செக்குக்கு அரை நிமிடம் கிடைத்தது. படத்திலேயே மிக அமைதியான இடத்தைப் போடச் சொன்னேன். பெரும்பாலானவர்கள் சத்தமான இடத்தைத்தான் கேட்பார்களாம், புரொஜெக்ஷனிஸ்ட் சொன்னார். நாங்கள் மிக்ஸ் செய்தது அரங்கின் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர் 7-இல் இருக்கும் என்று வைத்து. அங்கே 5-இல் ஓடிக்கொண்டிருந்தது. முனகல் ஏசி சத்தத்தில் அமுங்கிப்போயிருந்தது. ‘அரையாவது ஏற்றித் தருகிறீர்களா?’ என்றேன். முந்தைய படம் அலறல் படம், அதற்கு ஏற்றினால் காது கிழியும், உங்களுடையது வரும்போது கையால் ஏற்றுகிறேன் என்றார். சொன்னபடி ஏற்றினார்.

இரவு போன் காட்சியில் பின்வரிசையில் ஒருவர் சத்தமாகச் சிரித்தார். கதவிடுக்கு ஷாட் வந்தபோது அதே குரல் ஒரு கெட்ட வார்த்தை சொன்னது. எடிட்டர் என் தொடையில் கிள்ளினார்.

திரையிடலுக்குப் பிறகு வேறொரு விழாவின் புரோகிராமர் வந்து பேசி, கட்டண விலக்குக் குறியீடு ஒன்றை அனுப்பினார். உலக பிரீமியர் முடிந்துவிட்டது, பரவாயில்லையா என்று கேட்டேன். தங்கள் நாட்டில் முதல் திரையிடலாக இருந்தால் போதும் என்றார். அதனால் விழா அட்டவணையில் இப்போது நாடுவாரியாக ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன். ஒரே நாட்டில் இரண்டு விழாக்கள் வரும் இடங்களை மட்டும் இன்னும் முடிவுசெய்யவில்லை.