தேடிப் பாத்தீங்களான்னு கேட்டாங்க

தேடினேன்னு சொல்லிட்டேன். ரெண்டு வருஷம் ஆச்சு, இன்னும் அந்த ஒரு வார்த்தை மனசுல கிடக்கு.

தாமஸ் காப் பத்தின ஆடியோ எபிசோட் அது, மூணு நிமிஷம், ஸ்கிரிப்ட் என்னோடது. அமெரிக்காவுல ஜார்ஜியா மாநிலத்து வக்கீல், அப்புறம் கான்ஃபெடரேட் ஜெனரல், அதாவது உள்நாட்டுப் போர்ல அடிமை முறையைக் காப்பாத்தப் பிரிஞ்சு போன தெற்கு மாநிலங்களோட படையில. சண்டையில ஆரம்பிக்க வேண்டாம், குடும்பத்துல இருந்து போவோம்னு நான்தான் சொன்னேன், ஏன்னா அந்தக் குடும்பக் கதை நம்மள அப்படியே உள்ள இழுத்துரும். மாமனார் லம்ப்கின், ஜார்ஜியா சுப்ரீம் கோர்ட்டோட முதல் சீஃப் ஜஸ்டிஸ். கூடப் பிறந்த லாரா பொம்பளப் பிள்ளைங்களுக்கு நல்ல படிப்பு வேணும்னு பேப்பருக்கு பேர் போடாம ஒரு லெட்டர் எழுதறாங்க, எழுதினது யாருன்னே தெரியாம இவரு அதைப் படிச்சுட்டு பணம் திரட்டி ஜார்ஜியாவுல இருக்கற ஏதென்ஸ்ங்கற ஊர்ல ஸ்கூல் கட்டறாரு. 1859ல ஸ்கூல் திறக்குது, ஆனா அதுக்கு முன்னாடியே அவரோட பொண்ணு லூசி ஸ்கார்லெட் ஃபீவர்ல போயிடுச்சு, அதனால ஸ்கூலுக்கு லூசி காப்னே பேரு.

கடைசி அரை நிமிஷம் வர்ஜீனியாவுல ஃப்ரெட்ரிக்ஸ்பர்க் ஊர்ல நடந்த சண்டை. 1862 டிசம்பர் 13, பள்ளமா இறங்கின ரோடு, முன்னாடி கல் சுவர், தொடையில அடி பட்டு ரத்தம் நிக்காம 39 வயசுல செத்துப் போறாரு, பிரிகேடியர் ஜெனரல் ஆகி ஒன்றரை மாசம்தான். அவங்க அம்மாவோட பிறந்த வீடு அதே ஊர்லதான் இருந்துச்சு. இதை எழுதும்போது எனக்கே தொண்டை அடைச்சுது, பொய் சொல்லல.

சீனியர் எடிட்டர் படிச்சாங்க. கறுப்பினப் பெண்மணி, ஜார்ஜியாவிலேயே பிறந்து வளந்தவங்க. சத்தமில்லாம ரெண்டு தடவை ஸ்க்ரோல் பண்ணிட்டு, "லூசி பேரு நாலு தடவை வருது"ன்னாங்க. ஆமான்னேன். "அந்த வீட்ல சமைச்சவங்க பேரு?" ரெகார்டுல இல்லைன்னேன். "தேடிப் பாத்தீங்களா?"

நான் பாத்தது 1860 சென்சஸோட ஸ்லேவ் ஷெட்யூல், அதாவது அடிமைகளைக் கணக்கெடுத்த தனிப் பட்டியல், அதுல ஒரே ஒரு பக்கம். முதலாளி பேரு ஒரு ஓரத்துல, பக்கத்துல வரிசையா அடிமைகளோட வயசு, ஆணா பெண்ணா, நிறத்துக்கு ஒரு எழுத்து, அவ்வளவுதான், அந்த மனுஷங்க பேருக்குன்னு இடமே கிடையாது. அதனால "ரெகார்டுல இல்லை"ங்கறது பாதி நிஜம். ஆனா செத்தவரோட சொத்துக் கணக்கு, உயில், விக்கிற பத்திரம், சர்ச் ரிஜிஸ்டர் இதுலயெல்லாம் பேரு கிடைக்கும்னு இந்த வேலையில இருக்கற யாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அதுவும் இவரு செத்த வருஷம் அடிமை முறை அங்க சட்டமாவே இருந்துச்சு, மனுஷங்களை சொத்தா எழுதின காலம். தேடல. மறுநாள் ரெக்கார்டிங். தேடினேன்னேன்.

அவங்க மேல எதுவும் கேக்கல, அப்ரூவ் பண்ணிட்டாங்க. நம்பினாங்களா, இல்ல என்னைப் புரிஞ்சுக்கிட்டு விட்டுட்டாங்களா? இதைத்தான் திரும்பத் திரும்ப யோசிக்கறேன்.

என் பக்கமும் நியாயம் இருக்கு. மூணு நிமிஷத்துல எதைச் சொல்றது? 1858ல இந்த ஆளு அமெரிக்காவுல அடிமை முறையோட சட்டத்தைப் பத்தி பெரிய புத்தகம் எழுதி அதை நியாயப்படுத்தினாருன்னு தெளிவா ஒரு வரி வெச்சிருந்தேன், கான்ஃபெடரேட் அரசியல் சட்டத்தை எழுதினதுல முக்கியமான ஆளுன்னும் வெச்சிருந்தேன், எதையும் மறைக்கல. ஆனா அந்த வரியெல்லாம் தகவலா இருந்துச்சு, லூசி மட்டும் குழந்தையா இருந்தா. ஷெட்யூல்ல வயசு மட்டும் போட்டிருந்த வரிகளும் யாரோ பெத்த பிள்ளைங்கதானே, அதைப் பாத்தப்போ எனக்கு தொண்டை ஏன் அடைக்கல?

எபிசோட் வெளிவந்து ரொம்ப நாள் கழிச்சு வேற வேலைக்காக லாராவோட பொண்ணு மில்ட்ரெட் ரதர்ஃபோர்ட் பத்திப் படிச்சேன். அதே லூசி காப் ஸ்கூல்ல படிச்சு, அங்கயே பிரின்சிபாலானவங்க. 1920 வாக்கில ஸ்கூல் புத்தகங்களை எப்படி எடை போடணும்னு ஒரு சின்ன கையேடு போட்டாங்க, தெற்கோட அடிமை முதலாளிகளைக் கொடூரமானவங்கன்னு சொல்ற புத்தகத்தை ஒதுக்குங்கன்னு அதுல ஒரு விதி. இன்னொரு பக்கம் காப்போட மாப்பிள்ளை ஹோக் ஸ்மித், அவரு கவர்னரா இருந்த காலத்துலதான் ஜார்ஜியாவுல கறுப்பின மக்களோட ஓட்டுரிமையைப் பறிக்கிற சட்டத் திருத்தம் வந்துச்சு. குடும்பக் கதைன்னு நான் சொன்னதுல இந்த ரெண்டு பேரும் இல்ல. மில்ட்ரெட் வேணும்னே ஒதுக்கினாங்க, நான் நேரமில்லாம விட்டேன், ரெண்டும் ஒண்ணு இல்லைன்னு எனக்கு நானே சொல்லிக்கறேன், ஒண்ணு இல்லதான். கேக்கறவங்க காதுல என்ன வித்தியாசம்னு கேட்டா பதில் வரல.

அந்த எடிட்டர்கிட்ட போய் உண்மையைச் சொல்லிடலாம்னு பல தடவை நினைச்சிருக்கேன். போன மாசம் அவங்க ரிட்டயர் ஆனாங்க, கேக் வெட்டினோம், கை குடுத்தேன், வேற ஏதோ பேசிட்டு வந்துட்டேன்.

நேத்து அந்த எபிசோடைத் திரும்பக் கேட்டேன். லூசி பேரு வர்ற இடத்துல வாசிக்கறவர் குரல் அப்படியே தாழுது. ஸ்கிரிப்ட்ல அந்த இடத்துல "மெதுவா"ன்னு குறிச்சு வெச்சது நான்தான்.