பச்சைப் பெயிண்டுக்கு அடியில் இருந்த தேக்கு

பழைய மரச் சாமான் வாங்கப் போகிறவர்கள் அதன் முன்பக்கத்தைக் கடைசியாகப் பார்க்க வேண்டும். முன்பக்கத்தைத் துடைத்து, மினுக்கி, அதற்கு ஒரு கதையும் கட்டித்தான் விற்பவர் நிறுத்தியிருப்பார். அந்தச் சாமானைச் செய்தவரின் கைத்தடம் பின்பலகையிலும் இழுப்பறையின் அடியிலும் இருக்கும். அங்கே யாரும் மினுக்குவதில்லை.

புதுச்சேரியில் தமிழர் வாழ்ந்த வீதிகளில் ஒரு பழைய வீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து வெளியே வந்த மர பீரோ ஒன்றை வாங்கினேன். ஆளுயரத்துக்கும் மேலே நிற்கும் இரட்டைக் கதவு பீரோ. உள்ளே தட்டுகள், கீழே ஓர் இழுப்பறை. வெளிப்புறம் முழுக்கப் பச்சை எனாமல் பெயிண்ட். "பிரெஞ்சுக்காரர் காலத்துச் சாமான் அம்மா, இருநூறு வருடத்துப் பர்மா தேக்கு" என்றார் இடிப்பு வேலையை எடுத்திருந்தவர். புதுச்சேரியில் எந்தப் பழைய நாற்காலியைத் தொட்டாலும் இந்த வாக்கியம் காதில் விழும். பிரெஞ்சு ஆட்சி இங்கே 1954 நவம்பர் வரை நடந்தது. ஆகவே பிரெஞ்சுக்காரர் காலம் என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த உண்மை இருநூறு வருடத்தைத் தராது. எண்பது வருடத்துப் பீரோவும் பிரெஞ்சுக்காரர் காலத்ததுதான்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் அதை இறக்கியதும், திருப்பாதிரிப்புலியூரில் இருந்து ஒரு பெரியவரை அழைத்தேன். ஐம்பது வருடமாக உளி பிடிக்கும் ஆசாரி. அவர் பீரோவின் கதவைத் திறக்கவே இல்லை. சுவரிலிருந்து அதை நகர்த்தச் சொல்லி, டார்ச் விளக்கைப் பின்பலகைக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தார். வெளிச்சம் சாய்ந்து விழுந்தால் ரம்பத்தின் தடம் தெரியும் என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். கோடுகள் நேராக இருந்தன, ஆனால் ஒன்றுக்கொன்று சரியான இணையாக இல்லை. மரத்தின் மேல் ஒருவர், கீழே ஒருவர் நின்று இழுக்கும் பெரிய ரம்பத்தால் அறுத்த பலகை அது. வட்ட ரம்பம் அறுத்திருந்தால் கோடுகள் வில்லாக வளைந்திருக்கும். பிளைவுட் ஒரு துண்டு கூட இல்லை.

அடுத்து இழுப்பறையை உருவித் தலைகீழாகக் கவிழ்த்தார். முகப்பும் பக்கமும் சேரும் மூலையில் புறாவால் வடிவத்தில் வெட்டிய பற்கள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அகலத்தில் இருந்தன. வெட்டுவதற்கு முன் ஊசியால் கீறிய அளவுக் கோடும் அழியாமல் இருந்தது. இயந்திரம் வெட்டிய பல் எல்லாம் ஒரே அளவில் இருக்கும். அடிப்பலகை பழுப்பு. ஆனால் ஓரத்தில், சட்டத்தின் காடிக்குள், அதாவது நீளப் பள்ளத்துக்குள், செருகியிருந்த விரற்கடை அளவு மட்டும் மஞ்சள். "பலா" என்றார் உடனே. பலா மரம் அறுத்தவுடன் மஞ்சளாக இருந்து, வெளிச்சம் பட்டுப்பட்டுப் பழுப்பாக மாறும். காடிக்குள் வெளிச்சம் போகாததால் அங்கே பழைய நிறம் மிஞ்சியிருக்கிறது. பண்ருட்டிப் பக்கம் பலாவுக்குப் பஞ்சம் ஏது? கண்ணில் படாத இடத்துக்கு உள்ளூர்ப் பலாவையும் முகத்துக்குத் தேக்கையும் போட்டிருக்கிறார் அந்த நாள் தச்சர். நல்ல சிக்கனம் அது. அடியில் பலா இருந்ததால் பீரோ மேல் என் மதிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை.

காலத்தைக் கணிக்க எனக்கு அதிகம் உதவியவை மிகச் சிறிய பொருள்கள். கீல் ஒன்றிலிருந்து கழற்றிய திருகாணியின் நுனி கூர்மையாக இருந்தது. கூர் நுனித் திருகாணிகள் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் பரவலாகின. அதற்கு முந்தையவை மொட்டை நுனி. இன்னொரு கீலில் சிலுவை வெட்டுள்ள திருகாணிகள். அந்த வகை 1930-களில் வந்தது என்பதால், பிற்பாடு யாரோ அந்தக் கீலை மாற்றியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. பசையும் பேசியது. மூட்டுகளில் தேன் நிறத்தில், நகத்தால் கீறினால் கண்ணாடி போல உதிரும் வச்சிரம். மாட்டுத் தோல், எலும்பு காய்ச்சி எடுக்கும் அந்தக் காலத்துப் பசை. உச்சியில் இருந்த அலங்காரச் சட்டத்தில் மட்டும் வெள்ளைப் பசை பிதுங்கிக் காய்ந்திருந்தது. ஃபெவிகால் விற்பனைக்கு வந்தது 1959-இல். ஆக, அந்தச் சட்டம் பெயர்ந்து, அதற்குப் பின் ஒட்டப்பட்டது.

இழுப்பறையின் கடைசல் குமிழை அளந்து பார்த்ததும் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. கடைந்தபோது வட்டமாக இருந்த குமிழ், இப்போது நார் ஓடும் திசைக்குக் குறுக்கே சற்றுச் சுருங்கி நீள்வட்டமாக இருந்தது. மரம் நீளவாக்கில் ஏறக்குறையச் சுருங்குவதில்லை, குறுக்கே சுருங்கும். பல பத்தாண்டுகள் உலர்ந்தால்தான் விரலுக்குத் தெரியும் அளவுக்கு இப்படி ஆகும். புதிதாகச் செய்து பழையது என்று விற்கும் சாமானில் குமிழ் வட்டமாகவே இருக்கும்.

ஒப்பிட்டுப் பார்க்கப் புதுச்சேரி அருங்காட்சியகத்துக்கும் போனேன். 1742 முதல் 1754 வரை ஆளுநராக இருந்த டூப்ளே பயன்படுத்தியதாகச் சொல்லப்படும் கட்டிலும், பிரெஞ்சுக் கால மேசை நாற்காலிகளும் அங்கே இருக்கின்றன. வளைந்த கால்களும் இலைச் செதுக்கலும் கொண்ட அந்தச் சாமான்களைப் பார்த்துவிட்டு வந்தால், படிப்படியாக அடுக்கிய உச்சியும் நேர்க்கோடுகளும் உள்ள என் பீரோ வேறு காலத்தது என்று யாருக்கும் புரியும். இரண்டு உலகப் போர்களுக்கு இடையில் பரவிய பாணி அது. 1930-களை ஒட்டிச் செய்யப்பட்டது என்ற முடிவுக்கு வந்தோம். தேக்கு என்பதில் ஐயமில்லை. மறைவான இடத்தில் லேசாகச் சுரண்டியதும் தோல் வாசனையும் எண்ணெய்ப் பசையும் வந்தன. ஆனால் அது பர்மாவிலிருந்து கப்பலில் வந்ததா, கேரளத்து நிலம்பூரிலிருந்து வந்ததா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சொல்பவரை நம்பிக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

இவ்வளவையும் பார்த்து முடிப்பதற்குள் வீட்டில் பொறுமை போய்விட்டது. இயந்திரத்தில் உப்புத்தாள் மாட்டி ஒரே நாளில் தேய்த்துத் தருகிறேன் என்று ஒருவர் கேட்டார். நான் சம்மதிக்கவில்லை, இரண்டு காரணங்கள். பழைய எனாமலில் ஈயம் இருக்க வாய்ப்பு மிக அதிகம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உலர்ந்த பெயிண்டைத் தேய்த்தால் அந்தத் தூள் தாழ்வாரம் முழுக்கப் படியும். தரையில் தவழும் குழந்தைக்கு அது நஞ்சு. இன்னொன்று, இயந்திரம் பெயிண்டோடு நிற்காது. எண்பது தொண்ணூறு வருடம் வெயிலும் கையும் பட்டுப் பழுத்த மேல்தோலையும் சேர்த்து எடுத்துவிடும். கூர்மையான முனைகள் மழுங்கும். அதன் பிறகு அது பழைய மரத்தில் செய்த புதுச் சாமான், அவ்வளவுதான்.

காஸ்டிக் சோடா தொட்டியில் முக்குவதும் அதே அளவு தவறு. தேக்கு கறுத்துப் போகும், வச்சிரம் கரைந்து மூட்டுகள் கழன்றுவிடும்.

பெயிண்ட் கடையில் விற்கும் கூழ் வடிவ ரிமூவரைத் தடவி, வழித்து, மீண்டும் தடவினோம். திறந்த வெளியில், ரப்பர் கையுறையோடு, காற்று வரும் பக்கத்தில் நின்று செய்ய வேண்டிய வேலை. இரும்புத் தகட்டுக்குப் பதில் மூங்கில் பட்டையைச் சீவி வைத்துக்கொண்டார் ஆசாரி. பெயிண்ட் இளகிவிட்டால் மூங்கிலே போதும், மரத்தில் கீறல் விழாது. பச்சைக்குக் கீழே வெளிர்மஞ்சள், அதற்கும் கீழே சாம்பல். வழித்த பிசுக்கையெல்லாம் செய்தித்தாளில் மடித்து மூடியுள்ள டப்பாவில் போட்டோம், வாய்க்காலில் ஒரு துளியும் விடவில்லை.

உட்புறம் பெயிண்ட் அடிக்கப்படவே இல்லை. அங்கே மங்கிய செம்பழுப்பு மெருகு. ஒரு மூலையில் பஞ்சால் ஸ்பிரிட் தொட்டு வைத்ததும் பிசுபிசுத்தது. அப்படியானால் அரக்கு, அதாவது செல்லாக். ஸ்பிரிட்டுக்கு இளகாமல் தின்னருக்கு இளகினால் லாக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் வார்னிஷ் அல்லது பிற்கால ரசாயன மெருகு. இந்த எளிய சோதனையைச் செய்யாமல் எந்தப் பழைய சாமானிலும் புது மெருகு ஏற்றக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. உட்புறத்தை ஈரத்துணியால் துடைத்ததோடு விட்டுவிட்டோம். முதல் தச்சரின் மெருகு இன்னும் அங்கே இருக்கிறது.

பெயிண்ட் போனதும் ஊனங்கள் தெரிந்தன. பின்காலின் ஓரத்தில் ஊசித்துளைகள், கீழே மாவு போன்ற தூள். மரத்தைத் துளைக்கும் பூச்சியான உளு பிடித்தது தேக்கின் வெளிர்ந்த வெளிமரத்தை மட்டும்தான், வைரம் பாய்ந்த பகுதியை அது தொடவில்லை. பூச்சி உயிரோடு இருக்கிறதா என்று அறிய, காலடியில் கறுப்புத்தாள் விரித்து வைத்தோம். புதுத் தூள் விழவில்லை. இருந்தாலும் போராக்ஸும் போரிக் அமிலமும் வெந்நீரில் கரைத்துப் பூசி, மிகவும் நொய்ந்த இடத்தைச் செதுக்கி எடுத்துப் பழைய தேக்குத் துண்டு வைத்தோம். கீல்களைச் சுற்றி இரும்பு ஊறிய கறுப்புக் கறை ஆக்சாலிக் அமிலக் கரைசலுக்கு மங்கியது. அது விஷம். பூசியபின் நன்றாகக் கழுவ வேண்டும், காய்ந்தபின் தேய்த்துத் தூசியாக்கக் கூடாது.

பக்கப்பலகையில் நீளமான வெடிப்பு. காரணத்தை ஆசாரி காட்டினார். மழைக்காலத்தில் விரிந்து கோடையில் சுருங்க இடம் வேண்டும் என்றுதான் அந்தப் பலகையைச் சட்டத்தின் காடிக்குள் பசையில்லாமல் செருகுவார்கள். பிற்காலத்தில் யாரோ ஆட்டத்தை நிறுத்த நினைத்து இரண்டு பக்கமும் ஆணி அடித்துவிட்டார்கள். அசைய முடியாத மரம் வெடித்துவிட்டது. ஆணிகளைப் பிடுங்கிவிட்டு, வெடிப்பில் தேக்குச் சிம்பைச் சீவி இறக்கினார். பட்டி வைத்திருந்தால் அடுத்த கோடையில் உதிர்ந்திருக்கும். ஆடிய மூட்டுகளில் பழைய வச்சிரத்தை வெந்நீர் விட்டு இளக்கிச் சுரண்டி, மரத்தின் எண்ணெயைத் தின்னரால் துடைத்த பிறகே ஒட்டினார். தேக்கின் எண்ணெய் மேல் எந்தப் பசையும் நிற்காது.

இத்தனைக்கும் பிறகு, வெளிப்புற மெருகுக்கு அரக்கைக் கரைக்க ஸ்பிரிட் வாங்குவதுதான் பெரிய தடையாக வந்து நின்றது. தமிழ்நாட்டில் மெத்தில் கலந்த ஸ்பிரிட் மட்டுமல்ல, அதில் அரக்கைக் கரைத்த பிரெஞ்ச் பாலிஷும்கூட 1959-ஆம் ஆண்டு விதிகளின் கீழ் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. 2023-இல் மரக்காணம் பகுதியிலும் 2024-இல் கள்ளக்குறிச்சியிலும் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் எத்தனை உயிர்களைக் குடித்தது என்பதை இந்தப் பகுதியில் வாழும் நாங்கள் மறக்க முடியாது. கடைக்காரர் பத்துக் கேள்வி கேட்டால் அது நியாயம்தான். உரிமம் உள்ள கடையில் ஆசாரி தெரிந்தவர் என்பதால், அவர் பெயரில் தேவையான அளவு மட்டும் வாங்கினோம்.

லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 120 கிராம் அரக்குச் செதில், ஓர் இரவு ஊறல், மெல்லிய துணியில் வடிகட்டல். பஞ்சைப் பழைய வேட்டித் துணியில் பொதிந்து, அதில் அரக்கை ஊறவிட்டு, எட்டு வடிவத்தில் நிற்காமல் தேய்க்க வேண்டும். நடுவில் கை நின்றால் துணி ஒட்டிக்கொள்ளும். வழுக்கலுக்கு ஆளிவிதை எண்ணெய் ஒரு சொட்டு. மெல்லிய பூச்சு, காய்தல், மீண்டும் பூச்சு. ஐப்பசி முதல் மார்கழி பாதி வரை இந்த வேலையைத் தொடவே விடவில்லை ஆசாரி. காற்றில் ஈரம் மிகுந்தால் அரக்கு பால் போல வெளுத்துவிடும். தை பிறந்து வானம் தெளிந்த பிறகு, காலையில் பனி விலகியதும் தொடங்கி, பிற்பகலில் கடற்காற்று ஏறுவதற்கு முன் முடித்துவிடுவோம்.

மெலமைன் அல்லது பியூ (பாலியூரித்தேன்) என்ற ரசாயன மெருகு அடித்தால் இன்னும் கெட்டியாக இருக்கும் என்று பலர் சொன்னார்கள். உண்மை. சாப்பாட்டு மேசைக்கு நானும் அதைத்தான் சொல்வேன், ஏனென்றால் அரக்கின் மேல் சூடான காபி டம்ளரை வைத்தால் வெள்ளை வளையம் விழுந்துவிடும். பீரோவுக்கு அந்தக் கவலை இல்லை. அரக்கில் கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் ஸ்பிரிட்டால் இளக்கி மீண்டும் தேய்த்துக்கொள்ளலாம். பியூவில் கீறல் விழுந்தால் பெரும்பாலும் பலகை முழுவதையும் சுரண்ட வேண்டும், அதோடு பழைய தோலும் போய்விடும்.

முதல் மழைக்காலத்தில் கதவு இறுகிக்கொண்டது. இழைப்புளியை எடுக்கலாமா என்று ஆசாரியிடம் கேட்டேன். "வேண்டாம் அம்மா, இப்போது இழைத்தால் சித்திரையில் விரல் போகும் அளவுக்கு இடைவெளி விழும்" என்றார். மெழுகுவத்தியை விளிம்பில் தேய்த்துவிடச் சொன்னார். மாசிக்குள் கதவு தானாகவே தளர்ந்துவிட்டது.