மாமா மீது எத்தனால் வழக்கு

நேற்று சாயங்காலம் எங்கள் மாமா வாழ்க்கையில் முதல்முறையாகக் குடிகாரர் ஆனார், ஒரு சொட்டுகூட உள்ளே போகாமல்.

அவர் செய்தது ஒன்றும் பெரிய குற்றமில்லை. வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து வழக்கம்போலக் கொட்டாவி விட்டார். பக்கத்து அலமாரியில் என்னுடைய மின்மூக்கு, அதாவது காற்றில் கலந்த ஆவிகளை வைத்து வாசனையை ஊகிக்கும் கருவி, இருந்தது. அம்மா குப்பையில் போடப் பார்த்துக்கொண்டே இருக்கிறாளே, அதேதான். திரையில் கொட்டை எழுத்தில் 'எத்தனால்' என்று வந்தது, மதுவில் இருக்கும் அதே ஆல்கஹால். வேறு யார் பார்த்திருந்தாலும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். பார்த்தது அத்தை. வேதியியல் டீச்சராக ரிட்டயர் ஆனவர்.

"ஏங்க?" என்றார். அந்த ஒரு சொல்லிலேயே குற்றப்பத்திரிகை முழுவதும் இருந்தது.

மாமா எப்படிப்பட்டவர் தெரியுமல்லவா? இருமல் மருந்து பாட்டிலில் ஆல்கஹால் என்று ஒரு வரி இருந்தால் மூடி வைத்துவிட்டு ராத்திரி முழுக்க இருமுகிறவர். அவரிடம் போய், "மிஷின் எதுக்குங்க பொய் சொல்லப்போகுது?" என்கிறார் அத்தை.

பொய் சொல்லாதுதான். ஆனால் அதற்கு ஒரே ஒரு விஷயம்தான் தெரியும். உள்ளே இருப்பவை டின் ஆக்சைடு சென்சார்கள். குட்டி ஹீட்டர் ஒன்று அவற்றை 200 முதல் 400 டிகிரி வரை சூடாக்கி வைத்திருக்கும். அந்தச் சூட்டில் காற்றிலுள்ள ஆக்சிஜன் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு எலக்ட்ரான்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மின்தடை ஏறும். ஆல்கஹால் மாதிரி ஆவி வந்து அந்த ஆக்சிஜனோடு வினைபுரிந்தால் எலக்ட்ரான்கள் விடுதலை, தடை இறங்கும். வந்தது சானிடைசரா, நெயில்பாலிஷ் ரிமூவரா, கேஸ் கசிவா என்று ஒற்றை சென்சாருக்குத் தெரியாது. ஈரப்பதம் கூடினாலே தடை இறங்கிவிடும். அதனால்தான் வேறு வேறு குணமுள்ள சென்சார்களை வரிசையாக வைத்து, எல்லாம் சேர்ந்து காட்டும் வடிவத்தை வைத்து வாசனையை ஊகிக்கிறோம். 1982இல் வார்விக் பல்கலைக்கழகத்தில் பெர்சாட், டாட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் செய்து காட்டிய யோசனைதான் இது.

இதையெல்லாம் நான் சொல்லி முடிப்பதற்குள் மாமா எழுந்துவிட்டார். "யாருமே இல்லாத ரூம்ல கொண்டு போய் வைடா" என்றார். வைத்தோம். கதவைச் சாத்திவிட்டு மூன்று பேரும் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்பதுபோல நின்றோம். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தால், எத்தனால். காலி ரூமும் குடித்திருந்தது.

அம்மா உடனே, "அது உங்கப்பா ரூம்தானே" என்றாள். அப்பா இந்தக் கதையிலேயே இல்லை, பாவம், டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் டிரிஃப்ட் செய்த வேலை, அதாவது நாளாக ஆக சென்சார் காட்டும் அளவு தானாகவே நகர்ந்துபோவது. வருஷக்கணக்காகச் சூட்டிலேயே கிடக்கும் ஆக்சைடு துகள்கள் மெல்ல ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகும், ஹீட்டரும் மாறும். சிலிக்கோன் ஆவி பட்டால் சென்சார் நிரந்தரமாகவே கெட்டுப்போகும். சிலிக்கோன் கலந்த ஹேர் சீரத்தை அதே அலமாரியில் வைக்காதே என்று தங்கச்சியிடம் சொல்லிச் சொல்லி எனக்குத்தான் முடி கொட்டுகிறது. சான் டியேகோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 16 சென்சார்களை வைத்து 36 மாதங்கள், 2008 முதல் 2011 வரை, ஆறு வாயுக்களை 13,910 முறை அளந்தார்கள். அளந்து விட்ட வாயு, ஆய்வகக் காற்று, எல்லாம் இருந்தும் ஆரம்ப மாதங்களின் தரவில் பழகிய நிரல் பிற்பாடு தடுமாறத்தான் செய்கிறது. எங்கள் அலமாரி எம்மாத்திரம்?

அத்தையின் முகம் லேசாக இளகியது. "சரி, இதை எப்படித் திருத்துவாங்க?" என்றார். மாறாத ஒரு வாயுவை அவ்வப்போது காட்டி, அதற்கான பதில் எந்தத் திசையில் நகர்கிறது என்று கண்டுபிடித்து, அந்த நகர்வை எல்லா அளவீடுகளிலிருந்தும் கழிக்கலாம் என்றேன். அப்புறம், சோம்பேறிகளுக்கு இன்னொரு வழியும் உண்டு. கடந்த சில நாட்களில் பார்த்ததிலேயே நல்ல காற்று எதுவோ அதையே சுத்தமான காற்று என்று கருவி தானாக வைத்துக்கொள்ளும். விற்பனைக்கு வரும் பல காற்றுத்தர மானிகள் இப்படித்தான்.

அத்தை கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ நிஜமாவே ராத்திரி பகலா குடிக்கிறவன் பக்கத்துல இதை வச்சா?"

"கொஞ்ச நாள்ல அதுதான் நல்ல காத்துன்னு எடுத்துக்கும் அத்தை."

"நல்லா இருக்குடா! குடிகாரனை விட்டுடும், கொட்டாவி விட்டவரைப் பிடிக்கும்."

மாமாவுக்கு இதைவிடப் பெரிய தீர்ப்பு தேவைப்படவில்லை. அந்த மாறாத வாயுவாக இனிமேல் தானே இருக்கப்போவதாகவும், வாராவாரம் வந்து ஊதிவிட்டுப் போவதாகவும் அறிவித்துவிட்டார். மூச்சில் ஈரம் இருக்கும், அசிட்டோன்கூட இருக்கும், சாப்பிட்டதையும் பட்டினி கிடந்ததையும் பொறுத்து அது மாறும், சரிப்படாது மாமா என்று எவ்வளவோ சொன்னேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. "நாற்பது வருஷமா ஒரே மாதிரி இருக்கேன், என்னைவிட மாறாத பொருள் உனக்கு எங்கேடா கிடைக்கும்?" என்கிறார்.

செருப்பை மாட்டிக்கொண்டே அத்தை என் காதருகில் வந்து, "ஊதுறப்போ எனக்கும் ஒரு போன் பண்ணு" என்றார்.