தவளையின் மூளையைத் திருப்பிப் போட்ட நாள்

ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுதக் கேட்டதும் விளையாட்டுப் போட்டியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். நினைவு என்னவோ விலங்கியல் ஆய்வுகூடத்துக்குப் போய்விட்டது. ஃபார்மலின் நெடி, கறுத்த மெழுகுத் தட்டு, குண்டூசி குத்திக் கவிழ்த்துப் போட்ட தவளை.

அன்று மூளை. மண்டையோட்டைச் சிறுகச் சிறுகச் சீவி எடுத்ததும் நடுவில் இரண்டு உருண்டைகள் தெரிந்தன: பார்வை மடல்கள். வலக் கண்ணிலிருந்து நரம்பை நேரே வல மடலுக்கு இழுத்து, இடப்பக்கமும் அப்படியே வரைந்தேன். கண்ணால் காணாததை வரைந்த குற்றம். ஆசிரியர் படத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நரம்புகளைக் கண்ணருகே நறுக்கிவிட்டு, மூளையை ஊசியால் மெல்ல நெம்பித் திருப்பிப் போட்டார். அடியில் இரண்டு நரம்புகளும் விரித்த கத்தரிக்கோல் போல ஒன்றையொன்று குறுக்கே கடந்து கிடந்தன. தவளையின் வலக் கண் காண்பது ஏறக்குறைய முழுவதும் இட மடலுக்குத்தான் போகிறது. பிழையான படத்தை அழிக்க விடாமல், பக்கத்திலேயே சரியானதை வரையச் சொன்னார்.

தவளையின் விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் சுமார் 10 லட்சம். மூளைக்குச் செய்தி அனுப்பும் கங்லியன் செல்கள் அதில் பாதிதான். அப்படியானால் வழியிலேயே ஏதோ சலிக்கப்படுகிறது என்றார் அவர். 1959இல் லெட்வின், மட்டுரானா, மக்கல்லக், பிட்ஸ் என்ற ஆய்வாளர்கள் நால்வரும் காட்டியது அதைத்தான். ஒருவகைச் செல் விளிம்புக்கு, ஒன்று வெளிச்சம் மங்குவதற்கு, ஒன்று அசையும் சிறு கரும்புள்ளிக்கு என்று தனித்தனியே துடிக்கிறது. ஒவ்வொரு வகையின் இழைகளும் மடலில் வெவ்வேறு ஆழத்தில் போய் முடிகின்றன. சுற்றிலும் செத்த ஈக்கள் குவிந்து கிடந்தாலும் தவளை பட்டினி கிடப்பது இதனால்தான். அசையாதது அதற்கு இரையே அல்ல.

மணியடிக்கும் நேரத்தில் ஒரு புதிர் போட்டார். 1940களில் ஸ்பெரி என்பவர் பார்வை நரம்பை வெட்டி, கண்ணைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார். நம்மைப் போலன்றி, தவளைக்கு அந்த நரம்பு மீண்டும் வளரும்; பார்வையும் திரும்பிவிடும். ஆனால் ஈ மேலே இருந்தால் தவளை கீழே பாய்ந்தது. வளர்ந்த இழை ஒவ்வொன்றும் மடலில் தன் பழைய இடத்தையே தேடிப் போய் ஒட்டியிருந்தது.

"எத்தனை நாளில் திருத்திக்கொண்டிருக்கும்?" என்று கேட்டார்.

"ஒரு வாரம், ஐயா" என்றேன்.

"கடைசிவரை தரையைத்தான் கொத்தியது" என்று சொல்லிவிட்டு, தட்டுகளைக் கழுவச் சொன்னார்.