காரை 30 மில்லிமீட்டர் இறக்கிய அனுபவம்

டயருக்கும் மட்கார்டு வளைவுக்கும் நடுவே நான்கு விரல் தாராளமாக நுழையும். என் காரில் எனக்குப் பிடிக்காத ஒரே விஷயம் அதுதான். தரையோடு ஒட்டி ஓட்டும் ஆசையெல்லாம் இல்லை. தினமும் ஓடுகிற வண்டி, பின் சீட்டில் ஆட்கள் உட்காருவார்கள், டிக்கியில் சாமான் ஏறும். 30 மி.மீ. இறங்கினால் போதும் என்று முடிவு செய்தேன்.

நான்கு ஸ்பிரிங் வாங்கி மாற்றினால் வேலை முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு மெக்கானிக், "இருக்கிற ஸ்பிரிங்கிலேயே ஒரு சுற்று வெட்டிவிடலாம், செலவே இல்லை" என்றார். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். ஸ்பிரிங்கின் முனைச் சுற்று அதன் இருக்கையில் உட்காருவதற்கென்றே வளைக்கப்பட்டது. வெட்டினால் அந்தப் பொருத்தம் போய்விடும். சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் கழன்று இடம் மாறலாம். அது மட்டுமல்ல, சுற்று குறைந்தால் ஸ்பிரிங் விறைப்பாகும். பழைய ஷாக் அப்சார்பர் அதை அடக்கத் திணறும்.

எதையும் வாங்கும் முன் ஒரு சோதனை செய்தேன். முன்பக்க ஷாக்கின் ரப்பர் உறையை மேலே தள்ளிவிட்டு, பளபளக்கும் தண்டில், குழாயின் வாயை ஒட்டி, ஒரு சின்ன கேபிள் டையை இறுக்கிக் கட்டினேன். ஷாக் அமுங்கும்போது குழாய் அந்த டையை மேலே தள்ளும். ஷாக் திரும்ப நீண்டாலும் டை அங்கேயே நின்றுவிடும். வண்டி நிற்கும்போது குழாய்க்கும் பம்ப் ஸ்டாப்புக்கும் (ஷாக் கடைசிவரை அமுங்கும்போது இடியைத் தாங்கும் மெத்தைக் கட்டை) நடுவே 58 மி.மீ. இருந்தது. ஒரு வாரம் வழக்கமான சாலைகளில் ஓட்டிவிட்டுப் பார்த்தால் டை 40 மி.மீ. ஏறியிருந்தது. 30 இறக்கினால் மிச்சம் 28தான். புது ஸ்பிரிங் கொஞ்சம் விறைப்பாக இருக்கும், அதனால் அமுங்குவதும் குறையும், சரி. ஆனாலும் அந்த 12 மி.மீ. முழுவதையும் அது ஈடுகட்டாது. வேகத்தடைக்கு வேகத்தடை பம்ப் ஸ்டாப்பில் போய் இடிக்கும். ஸ்பிரிங்கை மட்டும் மாற்றும் எண்ணத்தை அன்றே விட்டேன்.

காயிலோவரையும் யோசித்தேன். மரை திருகி உயரம் மாற்றும் ஸ்பிரிங்-ஷாக் ஜோடி அது. உயரத்தை நினைத்தபடி மாற்றலாம் என்பதுதான் அதன் பலம். நானோ ஒருமுறை இறக்கிவிட்டு அப்படியே ஓட்டப்போகிறவன். மரைகளில் மண்ணும் துருவும் ஏறாமல் காப்பாற்றும் வேலை எனக்கு எதற்கு?

கடைசியில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி தயாரித்த செட்டுக்கு வந்தேன். இறக்கிய வண்டிக்கான ஷாக் நீளம் குறைவாக இருக்கும். அதனால் அமுங்குவதற்கு இடம் மிஞ்சும், சக்கரம் தொங்கும்போதும் ஸ்பிரிங் தளராது. ஷாக் தயாரிக்கும் பில்ஸ்டீன் நிறுவனத்தை எடுத்துக்கொண்டால் பி6 அசல் உயரத்துக்கு, பி8 இறக்கிய வண்டிக்கு. வாங்கும்போது இந்த ஓர் எண்ணைக் கவனிக்காமல் விடுகிறவர்கள் நிறைய.

இன்னொன்று, ஒரே மாடலுக்குக் கேட்டலாகில் முன்பக்க ஸ்பிரிங் இரண்டு விதமாக இருந்தது, முன் அச்சு எடையைப் பொறுத்து. என்னுடையது டீசல், இன்ஜின் கனம். இலகுவான பெட்ரோல் வண்டிக்கானதைப் போட்டிருந்தால் மூக்கு கூடுதலாகக் குனிந்திருக்கும். கதவை ஒட்டிய தகட்டில் இருந்த அச்சு எடையைப் படித்துவிட்டுத்தான் ஆர்டர் கொடுத்தேன். கூடவே பம்ப் ஸ்டாப், ரப்பர் உறை, மேல் மவுன்ட், அதன் பேரிங் எல்லாம் புதிது. எப்படியும் பிரிக்கப்போகிறோம், பழைய பேரிங்கைத் திரும்ப மாட்டுவது வீண்வேலை.

மாட்டுவதற்கு அரை நாள் ஆனது. ஆனால் இரண்டே நாளில் ஒவ்வொரு பள்ளத்திலும் முன்பக்கம் முறுக்கிக்கொண்ட மாதிரி விறைத்தது. ஷாக்கைக் குறை சொல்லத் தொடங்கிவிட்டேன். காரணம் வேறு. பட்டறையில் சக்கரங்கள் தொங்கும்போதே கன்ட்ரோல் ஆர்ம் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கை) புஷ்களின் போல்ட்டை முழுசாக இறுக்கியிருந்தார்கள். புஷ் என்பது அந்தக் கையின் மூட்டில் இருக்கும் ரப்பர். அந்த ரப்பர் இறுக்கிய நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டி தரையில் நிற்கும்போது எப்போதும் முறுக்கிக்கொண்டே கிடக்கும், சீக்கிரம் கிழியும். போல்ட்டைத் தளர்த்தி, வண்டியின் எடை சக்கரங்களில் இருக்கும்போது மறுபடி இறுக்கச் சொன்னேன். அந்த விறைப்பு அப்போதே போய்விட்டது.

ஸ்பிரிங் படிய இரண்டு வாரம் விட்டேன். இன்னும் 3 மி.மீ. இறங்கியது. அப்புறம்தான் அலைன்மென்ட். முன்பக்கம் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் திரும்பியிருக்கும் கோணம்) நன்றாகவே விலகியிருந்தது, அப்படியே விட்டிருந்தால் டயரைத் தின்றிருக்கும். கேம்பர் (முன்னிருந்து பார்த்தால் சக்கரத்தின் சாய்வு) சற்று உள்சாய்ந்திருந்தது, அளவுக்குள்தான். ஹெட்லைட்டையும் சரிபார்த்துக்கொண்டேன்.

போன வாரம் மறுபடி கேபிள் டை கட்டினேன். அதே சாலைகள், அதே ஏழு நாள். பம்ப் ஸ்டாப்புக்கு 11 மி.மீ. கீழேயே டை நின்றுவிட்டது.