வீடா, விடுதியா?

மதுரையில் கட்டட வரைபடம் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. "இது என்ன கட்டடம்?" என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் "வீடுதாங்க" என்பார்கள்.

சிம்மக்கல் பக்கம் ஒரு பெரியவரும் அப்படித்தான் சொன்னார். "வேலைக்குப் போற பொம்பளைப் பிள்ளைக தங்கியிருக்குதுக தம்பி. வாடகைக்கு விட்ட மாதிரிதான்." மாடி ஏறி எண்ணினேன். ஆறு அறை, 22 கட்டில். இறங்க ஒரே படிக்கட்டு, அதன் அடியிலேயே சிலிண்டர்கள். பின்பக்கக் கம்பிக் கதவுக்குப் பூட்டு. சாவி கீழே அவர் பூஜை அறை ஆணியில் தொங்கியது. பிள்ளைகளின் பாதுகாப்புக்காகப் பூட்டினேன் என்றார். மனதார நம்பித்தான் சொன்னார்.

தேசியக் கட்டட விதித்தொகுப்பு குடியிருப்புகளையே பல உட்பிரிவுகளாகப் பிரிக்கிறது. ஒன்றிரண்டு குடும்பம் வாழும் வீடு ஏ-2. ஒரே நிர்வாகத்தில் 40 பேர் வரை தனித்தனியாகத் தங்கும் லாட்ஜ் வகை ஏ-1. அங்கே அவரவர் சமைத்துக்கொள்ள வசதி இருக்காது. ஒரு ராத்திரி தங்கினாலும் ஒரு வருடம் தங்கினாலும் அது ஏ-1தான். ஒரே குடும்பம் அல்லாதவர்கள் சேர்ந்து படுக்கும் ஹாஸ்டல் ஏ-3. பெரியவருடையது இந்த ஏ-3. பெண்கள் விடுதி என்பதால் பெண்கள், குழந்தைகள் விடுதிகளுக்கான தமிழ்நாட்டின் 2014 சட்டப்படி உரிமமும் வேண்டும்.

"வீடுங்கிறதை ஹாஸ்டல்னு எழுத்துல மாத்தினா என்ன ஆகப் போகுது?" என்று அலுத்துக்கொண்டார். நான் படித்ததை வைத்து அப்போது சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. இன்று கேட்டால் சொல்வேன்: சொந்த வீட்டில் கரண்ட் போனாலும் சின்னப் பிள்ளைகூடத் தடவித் தடவி வாசலுக்கு வந்துவிடும். போன வாரம் பெட்டியோடு வந்து சேர்ந்த பெண்ணுக்குப் புகைக்குள் படிக்கட்டு எந்தப் பக்கம் என்று எப்படித் தெரியும்? அவளுக்காகத்தான் அகலமான வழி, இன்னொரு வழி, எச்சரிக்கை மணி எல்லாம் கேட்கிறோம்.

2024 செப்டம்பரில் மதுரை கட்ராபாளையத்தில் ஒரு பெண்கள் விடுதியில் ஃப்ரிட்ஜில் பற்றிய தீ அன்றே இரண்டு பேர் உயிரைக் கொண்டுபோனது. அன்று சாயங்காலமே பெரியவர் போன் செய்தார். "தம்பி, நாளைக்கு வர்றீங்களா?"

போனேன். சிலிண்டர்கள் வெளி முற்றத்துக்குப் போயிருந்தன. கம்பிக் கதவில் பூட்டு இல்லை, உள்ளிருந்து இழுத்தால் திறக்கும் தாழ்ப்பாள் போட்டிருந்தார். அப்புறம் இருவரும் டேப்பைப் பிடித்துக்கொண்டு, பின்சுவரை ஒட்டி இரண்டாவது படிக்கட்டுக்கு இடம் அளந்தோம்.